மட்டக்களப்பு பஸ் ஜாவாவில் ஓடுது!

சிவப்பு இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ். நெற்றிப் பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் மட்டக்களப்பு – கொழும்பு. முன் கண்ணாடி ஓரத்தில் பிள்ளையார், பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'மீன் பாடும் தேன் நாடு'. ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு அந்த பஸ் எங்கே ஓடுகிறது தெரியுமா? இந்தோனேசியாவில்! ஜாவாத் தீவில், சுரபாயா போகும் வீதியில்! சாரதி இருப்பதோ மட்டக்களப்புக் கல்லடியில். வாவிக்கரையிலிருந்து நாலு வீடு தள்ளி, கட்டிலில் குப்புறப் படுத்தபடி இரண்டு கையாலும் போனைப் பிடித்திருக்கும் உயர்தர வகுப்புப் பொடியன், என் மருமகன். அந்த பஸ்ஸுக்குச் சிவப்பு பூசியதும், பலகை எழுதியதும், பிள்ளையாரை ஒட்டியதும் அவனேதான்.

கேம் என்றால் பிள்ளைகள் குந்தியிருந்து விரலால் தட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைக்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் எல்லாரையும் கையைப் பிடித்து அந்தக் கட்டிலடிக்குக் கூட்டிப்போக எனக்கு ஆசை. அங்கே ஒரு பட்டறையே நடக்கிறது! பெயின்ட் அடிக்கிறவர், தகரம் வளைக்கிறவர், ஒலி பதிகிறவர், ஓட்டிப் பார்க்கிறவர், பிழை பிடிக்கிறவர் என்று ஆளுக்கொரு வேலை. சம்பளம் ஒருவருக்கும் கிடையாது, சந்தோஷம் எல்லாருக்கும் உண்டு. செருப்பைக் கழற்றுங்கள், உள்ளே போவோம்.

ஹோர்ன் கேட்டுப் பிறந்த கேம்

முதலில் அந்த கேமின் கதை. முழுப் பெயர் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா. பிள்ளைகள் வாயில் 'பஸ்ஸிட்'. மாலியோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017இல் அண்ட்ரொய்ட் போன்களுக்காக வெளியிட்டது. அதற்குச் சற்று முன்பு, 2016 டிசம்பரில், இந்தோனேசியச் சிறுவர்கள் வீதியோரம் நின்று பஸ் சாரதிகளைப் பார்த்து 'ஓம் தெலோலெட் ஓம்' என்று கத்திய வீடியோக்கள் உலகம் முழுக்கப் பரவின. 'மாமா, அந்த ஹோர்னை ஒருக்கா அடியுங்க மாமா' என்று கெஞ்சுகிறார்கள். சாரதி பாட்டு மாதிரி ஒரு ஹோர்ன் அடிப்பார். சிறுவர்கள் துள்ளிக் குதிப்பார்கள். ஒருவன் அதைப் போனில் பிடித்துவிடுவான். அந்த ஹோர்ன் அப்படியே கேமுக்குள்ளும் ஏறிவிட்டது. வீதியோரத்து ரசிகனின் ஆசை கேமின் ஓர் உறுப்பாகிவிட்டது!

மாலியோ அதைவிடப் பெரிய கதவொன்றையும் திறந்து வைத்தது. பஸ்ஸின் வெளிப்பூச்சை விளையாடுகிறவரே வரைந்து போடலாம். அந்தப் பூச்சு 'லிவரி'. பிந்திய பதிப்புகளில், தாமே செய்த முழு வாகனத்தையும் கேமுக்குள் இறக்கலாம். அது 'மொட்'. கதவு திறந்ததுதான் தாமதம், கேரளத்துப் பிள்ளைகள் தங்கள் சுற்றுலா பஸ்களோடு நுழைந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அரசு பஸ்களோடு வந்தார்கள். இலங்கைப் பிள்ளைகள் அசோக் லேலண்ட் பஸ்களை இ.போ.ச. சிவப்பிலும், தனியார் பஸ்களின் அத்தனை பளபளப்பிலும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்தோனேசியாவிலும் வாகனம் இடப்பக்கம்தான் ஓடுகிறது, ஸ்டியரிங் வலப்பக்கம். ஓரத்தில் வயலும் தென்னையும். நம்மூர் பஸ் அங்கே ஓடும்போது வேற்றூர் மாதிரியே தெரிவதில்லை.

தட்டையாகக் கிடக்கும் பஸ்

இப்போது அந்தப் போன் திரையை எட்டிப் பாருங்கள். பஸ்ஸைக் காணவில்லை! பொதுவாக 2048க்கு 2048 புள்ளி கொண்ட ஒரு சதுரப் படம் மட்டும் இருக்கிறது. பிரித்து மடிப்பு நீக்கிய தீப்பெட்டி மாதிரி, பஸ் முழுவதும் அதில் தட்டையாகக் கிடக்கிறது.

"இஞ்ச பாருங்க மாமா. இது இடப்பக்கம், இது வலப்பக்கம். இது கூரை. இந்த மூலைல இரிக்கிறதுதான் பின்பக்கம்."

அந்தச் சதுரத்தின் மேல் அவன் வரைகிறான். போனிலேயே கிடைக்கும் படம் திருத்தும் செயலிதான் ஆயுதம். முதல் லயரில் சிவப்பு. அதற்கு மேல் இன்னொரு லயரில் பட்டைக் கோடு. அதற்கு மேல் எழுத்து, அதற்கு மேல் ஸ்டிக்கர். ஒவ்வொன்றும் தனித்தனி லயர் என்பதால், பிள்ளையாரை நகர்த்தினாலும் சிவப்பு கலையாது. கண்ணாடி வரும் இடத்தை நிறமில்லாமல் விட்டுவிட வேண்டும். மறந்து அங்கே ஒரு துளி பூசிவிட்டால், பயணிகள் இருட்டறைக்குள் போவார்கள்! சில மாடல்களில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே படம்தான் போகும். அப்படியானால் ஒரு பக்கத்து எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி நிற்கும். அதனால் அந்த மாடலில் பக்கவாட்டில் எழுத்து வைப்பதில்லை, பூவும் கோடும் மட்டும்தான்.

கடைசி லயரைக் காட்டியபோது நான் உண்மையாகவே கத்திவிட்டேன். சக்கரங்களுக்கு மேலே, கதவுப் படிக்குக் கீழே, மெல்லிய செம்மண் நிறம். ஊதிவிட்ட மாதிரி, தெரிந்தும் தெரியாமலும்.

"இதென்ன மனே?"

"புழுதி மாமா. பொலன்னறுவை தாண்டி, வெலிக்கந்தைப் பக்கத்தால வாற பஸ்ஸெல்லாம் இப்பிடித்தான் இரிக்கும். கழுவின பஸ்ஸப் பார்த்தா இப்பத்தான் டிப்போவால எடுத்த மாதிரி."

புழுதிக்கென்று ஒரு தனி லயர்! கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை வழியாக இரவெல்லாம் ஓடி விடியலில் வந்து சேரும் பஸ்ஸை, தரிப்பிடத்தில் நின்று அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறான். அதிலே ஏறி இறங்கும் நாம் எத்தனை பேர் அந்தப் புழுதியின் நிறத்தைக் கவனித்திருக்கிறோம்? ஆசையோடு பார்க்கிற கண்ணுக்குத்தான் அது தெரியும். ரசிகன் படைப்பாளியாவதன் முதல் படி அதுதான்.

பலகையில் நடக்கும் மல்யுத்தம்

அடுத்தது எழுத்து. இங்கேதான் வியர்த்துக் கொட்டும். வரைகலைச் செயலிகள் சிலவற்றுக்குத் தமிழைச் சேர்த்து எழுதத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம் என்று பிய்த்துப் போட்டுவிடும். 'கொழும்பு' என்று அடித்தால் முதலெழுத்தே உடைந்து விழும். நம் அச்சகங்கள் ஆண்டுக்கணக்காகப் புழங்கிய பாமினி எழுத்துரு இன்றும் இந்தப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறது. அதில் ஒவ்வொரு வடிவமும் தனி விசையில் கிடப்பதால் செயலி குழப்ப இடமில்லை. வேறு சிலர் போனின் குறிப்புப் பக்கத்தில் பெரிதாக எழுதி, திரையைப் படம்பிடித்து, பின்னணியை அழித்துக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். யாரும் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்த வித்தையில்லை இது!

சிங்களத்துக்கு மருமகன் என்ன செய்கிறான்? குருநாகலில் ஒரு சிங்களப் பொடியன். இருவரும் நேரில் கண்டதே இல்லை. இவன் தமிழ் வரியை அனுப்புகிறான், அவன் சிங்கள வரியை அனுப்புகிறான். ஒருவர் பலகையை மற்றவர் திருத்துகிறார். இலங்கையில் பெயர்ப்பலகைகளில் தமிழ் பிழையாக நிற்பது நாம் காலம் காலமாகச் சொல்லி அலுத்த குறை. இந்த இருவரும் செய்த பஸ்ஸில் மூன்று மொழியும் சுத்தமாக இருக்கின்றன. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த பூரிப்பைச் சொல்லி முடியாது.

எலும்புக்கூடு செய்கிறவர்கள்

லிவரி போடுகிறவர்களுக்கு மேல்வகுப்பு ஒன்று உண்டு: பஸ்ஸின் உடம்பையே செய்கிறவர்கள். இவர்களுக்குப் போன் போதாது, கணினி வேண்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 2002இலேயே அது திறந்த மூலமாக்கப்பட்டது. உண்மையான பஸ்ஸை முன்னால், பின்னால், பக்கத்தில் என்று நேராக நின்று படம் எடுத்து, அந்தப் படங்களைப் பின்னால் வைத்து, புள்ளி புள்ளியாக இழுத்து உடம்பைக் கட்டுகிறார்கள். முன் பம்பர், கண்ணாடிச் சட்டம், கைபிடிக் கம்பி, சாரதிக்குப் பக்கத்திலிருக்கும் அந்த எஞ்சின் மூடி வரை!

ஆனால் அழகு பார்த்துப் புள்ளிகளை அள்ளிப் போட்டால் விலை குறைந்த போன் திணறி நின்றுவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புள்ளிகளைக் குறைக்க வேண்டும். எதைக் குறைத்தாலும் பஸ்ஸின் முகம் மாறக்கூடாது. எதை விட்டால் அசோக் லேலண்ட் வைக்கிங் பஸ் வைக்கிங்காகத் தெரியாது என்ற அறிவு, கைதேர்ந்த கேலிச்சித்திரக்காரருக்கு இருக்கும் அறிவுக்குச் சமம்.

ஒலிக்கும் தனி ஆட்கள் உண்டு. பஸ் தரிப்பிடத்தில் எஞ்சின் இரைந்துகொண்டு நிற்கும்போது போனைப் பக்கத்தில் பிடித்துப் பதிந்து, பேச்சுச் சத்தத்தை வெட்டி, தொடக்கமும் முடிவும் ஒட்டாமல் தெரியும் இடத்தைச் சீர்செய்து கொடுக்கிறார்கள். மருமகன் படமெடுக்கப் போனபோது ஒரு சாரதி, "என்னத்துக்கு மனே என்ட பஸ்ஸப் படமெடுக்காய்?" என்று கேட்டாராம். போனைத் திறந்து காட்டியதும், தன் மகளின் பெயரைப் பின் கண்ணாடியில் எழுதித் தரச் சொன்னாராம். இப்போது அந்தப் பெயரும் ஜாவாவில் ஓடுகிறது!

மருமகன் இதைத் தொடங்கியது 2022இல். அந்த மார்ச் முடிவில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. டீசலுக்கு வரிசை, வீதியில் பஸ் குறைவு. நிற்கிற பஸ்களையெல்லாம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் வந்ததாம். கரண்ட் வரும் நேரத்தில் சார்ஜ் ஏற்றி, போகும் நேரத்தில் வரைந்திருக்கிறான்.

எழுதாத சட்டங்கள்

இந்தப் பட்டறைக்குச் சட்டங்கள் இருக்கின்றன, எந்தத் தாளிலும் எழுதப்படாதவை. முதலாவது: யார் செய்தது என்ற பெயர் படத்தோடு போக வேண்டும். உடம்பு ஒருவருடையது, பூச்சு இன்னொருவருடையது, ஒலி மூன்றாமவருடையது என்றால் மூன்று பெயரும் வேண்டும். இரண்டாவது: பிறர் செய்த மொட்டை எடுத்துத் தன் பெயரில் ஏற்றுகிறவனை யாரும் சேர்ப்பதில்லை. அதைத் தடுக்கவே பலர் கோப்புக்குப் பூட்டுப் போட்டு, கடவுச்சொல்லைத் தம் வீடியோவின் நடுவில் ஒளித்து வைக்கிறார்கள். மூன்றாவது: கேட்கிற புதியவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தனக்குச் சொல்லித்தந்தவர் ஒருவர் இருந்தார் என்பதை எவரும் மறப்பதில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 2006இல் வெளிவந்த ஓர் அறிக்கையில் பங்கேற்புப் பண்பாட்டின் குணங்களை வரிசைப்படுத்தினார். படைப்பதற்கு நுழைவாயில் எளிதாயிருத்தல், படைத்ததைப் பகிர ஆதரவு, தேர்ந்தவர் புதியவருக்கு வழிகாட்டுதல், தன் பங்களிப்புக்கு மதிப்புண்டு என்ற நம்பிக்கை, ஒருவர்மேல் ஒருவருக்குள்ள ஒட்டுறவு. எல்லாரும் படைத்தே ஆகவேண்டும் என்றில்லை, ஆசைப்பட்டால் படைக்கலாம் என்ற உறுதி எல்லாருக்கும் இருந்தால் போதும் என்றார். கல்லடிக் கட்டிலில் அந்த ஐந்தையும் நான் கண்ணால் பார்த்தேன்.

இது சின்னப் பிள்ளைகளின் சில்லறை வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெரிய சங்கதி. நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த பப்ஜியின் பூர்வீகமே ஒரு மொட்தான்! செக் நாட்டு நிறுவனம் ஒன்றின் ஆர்மா 2 என்ற போர் கேமின் மேல், நியூசிலாந்துக்காரர் டீன் ஹால் 2012இல் டேஸீ என்ற மொட்டைச் செய்தார். அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன் அந்த மொட்டின் மேல் இன்னொரு மொட்டைச் செய்தார்: எல்லாரும் மோதி, கடைசியாக நிற்கிறவர் வெல்லும் விளையாட்டு. அதுவே தென்கொரிய நிறுவனம் ஒன்றின் கைசேர்ந்து 2017இல் பப்ஜியாக உலகை ஆட்டியது. அதற்கு முன்னர் நெட் கஃபேகளை நிறைத்த கவுன்டர் ஸ்ட்ரைக்கும் 1999இல் இரண்டு ரசிகர்கள் ஹாஃப் லைஃபின் மேல் கட்டிய மொட்தான். ரசிகன் கைவைத்த இடத்தில்தான் புதிய கேம்கள் முளைத்திருக்கின்றன.

வட்டக்களரியின் பின்கட்டு

இனி எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகள் செய்வது மட்டக்களப்புக்குப் புதிதல்ல. பார்க்கிறவன் எழுந்து ஆடுகிறவனாகும் ஊர் இது!

வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. இரு கரையிலும் கூத்து வேரோடிய கிராமங்கள். ஆடுகிறவர் யார்? வயல் செய்கிறவர், தோணி தள்ளுகிறவர், கூலிவேலைக்குப் போகிறவர். நேற்றுவரை வட்டக்களரி என்ற கூத்து மேடையைச் சுற்றி நின்று பார்த்த பொடியன் இந்த வருஷம் அபிமன்யு. ஊர் கூடிக் கதையைத் தீர்மானிக்கும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் குரலையும் உடலையும் பார்த்து, ஆளுக்கேற்ற பாத்திரத்துக்குச் சட்டம் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் பழக்கம். ஒரு நல்ல நாளில் சதங்கை அணிதல். அதன்பின் அடுக்குப் பார்த்து, பிழை திருத்தி, கடைசியில் விடிய விடிய அரங்கேற்றம். அதோடும் முடியாது, கூத்தர் வீடு வீடாகப் போய் ஆடுவார்கள். ஒத்திகை, சோதனை, வெளியீடு, பகிர்வு எல்லாம் அந்த வரிசையில் இருக்கின்றன, கேமும் கணினியும் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே.

கதை எங்கிருந்து வந்தது? மகாபாரதமும் இராமாயணமும் எல்லாருக்கும் பொதுச்சொத்து. ஆனால் வடமோடிக் கூத்தின் மத்தளத்தில் ஏறியதும் அருச்சுனன் நம்மூர் ஆளாகிவிடுகிறான். ஜாவா வீதியில் மட்டக்களப்புப் பலகை ஏறுவதும் அதே துணிச்சல்தான்.

ரசிகர் கைபட்டுக் கூத்தும் மாறியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை நவீன மேடைக்கு ஏற்றினார். விடிய விடிய ஆடியது சுருங்கி, குறுகிய நேர நாடகமாயிற்று. மட்டக்களப்பில் கூத்துப் பார்த்து வளர்ந்த மாணவர் சி. மௌனகுரு, அவற்றில் ஒன்றான இராவணேசனில் இராவணனாக ஆடினார். பின்னாளில் அவரே பேராசிரியராகி, மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து எழுதி, அதே இராவணேசனைப் புதிய தலைமுறைக்குப் பழக்கி மறுபடி மேடையேற்றினார். பேராசிரியர் சி. ஜெயசங்கரும் தோழர்களும் சீலாமுனைக் கூத்தர்களோடு குந்தியிருந்து, பழைய கதைகள் பெண்ணையும் சாதியையும் காட்டும் விதத்தை ஊராரோடேயே பேசிப் பேசி மீளுருவாக்கம் செய்தார்கள். பழைய கூத்தில் பெண் வேடமும் ஆண்களுக்கே. இன்று பெண்கள் தாங்களே சதங்கை கட்டுகிறார்கள். ரசிகன் கேள்வி கேட்டால் கலை வளரும் என்பதற்கு வேறு சாட்சி தேவையா?

மொட் செய்யும் குழுக்களிலும் அந்த மாற்றம் வரவேண்டும் என்று எனக்கு ஆவல். நான் எட்டிப்பார்த்த இடங்களில் பொடியன்களே கூடுதல். கோலம் போடும் கைக்கும் பூத்தையல் போடும் கைக்கும் லிவரி எவ்வளவு நேரத்தில் வசமாகும்! ஆரையம்பதியிலோ காத்தான்குடியிலோ வாழைச்சேனையிலோ ஒரு பெண்பிள்ளை முதல் பஸ்ஸை உடுத்திக் காட்டட்டும், மற்றவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

வாவி இன்னும் கேமுக்குள் வரவில்லை

இவர்கள் கனவையும் கேட்டுவிட்டேன், சொல்லாமல் எப்படி இருப்பது! பஸ்ஸோடு நிற்க மருமகனுக்கு மனமில்லை. கல்லடிப் பாலம் வேண்டுமாம். பழைய இரும்புப் பாலமும் பக்கத்தில் புதுப் பாலமும் சேர்ந்து நிற்கும் காட்சி அப்படியே வேண்டுமாம். புளியந்தீவுக் கோட்டை, காந்தி பூங்கா, வாவியில் தோணி, இறால் வலை. முழுநிலவு இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் மீன்பாட்டு. விளையாடுகிறவர் எஞ்சினை நிறுத்தினால்தான் அது கேட்கும்படி வைக்கப் போகிறானாம். என்ன யோசனை பாருங்கள்!

முடியாத காரியமா? கனடாவில் டொரொன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், அழிந்து கறைபட்ட சமையல் குறிப்பிலிருந்து இட்லியும் புட்டும் செய்ய முயல்கிறாள். விட்டுப்போன வரியை விளையாடுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தமிழ்க் குசினிக்குள் நடக்கும் அந்தக் கதையை உலகமே விளையாடியது, விருதுகள் கொடுத்தது. குசினி கேமாகலாம் என்றால் வாவி ஏன் ஆகக்கூடாது?

நம்மிடம் எல்லாம் இருக்கின்றன. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மத்தளமும் ஓவியமும் கணினியும் ஒரே ஊரில், பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். பாடசாலைக் கணினி அறையை சனிக்கிழமைகளில் திறந்துவிட்டு, பிளெண்டரைப் போட்டுக் கொடுத்தால் போதும். அண்ணாவியார்கள் பிள்ளைகளுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு கட்டிலில் யாரோ குப்புறப் படுத்திருப்பார்கள். 'எத்தனை மணிநேரமா இதையே பார்க்கிறாய்?' என்ற கேள்வியை இன்றைக்கு ஒருநாள் விட்டுவிடுங்கள். பக்கத்தில் குந்தி, 'இதில நீ செய்தது எது? காட்டு பார்ப்பம்' என்று கேளுங்கள். ஒன்றும் செய்யாதவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதும் செய்யத் தொடங்குவார். செய்தவரோ எழுந்து உட்காருவார், கண் விரியும், லயர் லயராகத் திறந்து காட்டுவார். சாப்பாடு ஆறிப்போகும், பரவாயில்லை. நீங்களும் கொஞ்ச நேரத்தில், 'அந்தக் கோட்டை ஒருக்கா மஞ்சளாக்கிப் பார்' என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்!